பார்ட்டி எக்ஸ்பி வெட்டு: புது ஆட்களை இனி யார் தூக்கிவிடுவது?

இரவு ஷிப்ட் ஹீலர் (பெஸ்தாரி ஜெயா)

தலைப்பில் ஆட்டத்தின் பெயரைப் போட்டால் நிர்வாகி இழையைப் பூட்டிவிடுவார், அதனால் போடவில்லை. இங்கே வருகிறவர்களுக்கு எது என்று தெரியும்.

புதன்கிழமை பராமரிப்புக்குப் பிறகு வந்த பேட்ச் (ஆட்டத்தில் கம்பெனி செய்த மாற்றங்கள்) பற்றித்தான். பாதிப் பேர் மந்திரவாதியின் நெருப்பு அடி குறைந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இந்த பேட்சில் இறக்குவார்கள், அடுத்ததில் ஏற்றுவார்கள், பிழைப்பே அதுதான். எனக்கு வயிற்றெரிச்சல் கொடுத்தது பேட்ச் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் 'சிறு திருத்தங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒளித்து வைத்திருக்கும் இரண்டு வரி. ஒரே பார்ட்டியில் (சேர்ந்து சண்டைக்குப் போகும் குழுவில்) இருப்பவர்களுக்குள் பத்து லெவலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கீழே இருப்பவருக்கு எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) கிட்டத்தட்டக் கிடையாது. அப்புறம், பாஸிடமிருந்து (குகையின் பெரிய எதிரி) விழும் ஆயுதம் எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும், இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

எங்கள் கில்டில், அதாவது ஆட்டத்துக்குள் நாங்கள் வைத்திருக்கும் சங்கத்தில், பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். ராஜா மூசா, தென்னமரம், புக்கிட் பாடோங், யூனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிற சில பிள்ளைகள். நான் செம்பனை மில்லில் வேலை. வெட்டிய குலை நாள் கணக்கில் காத்திருக்காது என்பதால் மில் ராத்திரியும் ஓடும், எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். மற்றவர்களும் அப்படித்தான், ஒரே நேரத்தில் எல்லாரும் உட்கார வாய்ப்பே கிடையாது. அதனால் எங்களுக்குள் லெவல் எப்போதும் மேலும் கீழுமாகத்தான் இருக்கும். எஸ்பிஎம் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு ஒரு பையன் சேர்ந்தால் கிடங்கிலிருந்து பழைய வாளைக் கொடுப்போம். சனிக்கிழமை ராத்திரி குகைக்குக் கூட்டிப்போவோம். அவன் ஓரமாக நின்று கற்றுக்கொள்வான், ஒரு மாதத்தில் அவனே இன்னொருவனைக் கூட்டிப்போவான். கில்ட் என்றால் எங்களுக்கு இதுதான்.

இப்போது இதற்குக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'நியாயமற்ற வளர்ச்சி'. உங்கள் கில்டுகளில் என்ன நிலைமை?

---

ராஜா மூசா டேங்க்

என்ன நிலைமை, நேற்று குகைக்குப் போனோம். மச்சான் மகன் ரெண்டு மணி நேரம் எங்கள் பின்னாலேயே ஓடி வந்தான், அவனுடைய எக்ஸ்பி பட்டை ஒரு நூல் கூட நகரவில்லை. "மாமா, என் போன் ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்கிறான். இல்லைடா, கம்பெனிக்காரன் மூளை ஹேங் ஆகிவிட்டது என்றேன்.

தீபாவளி லீவுக்கு டாப் அப் பண்ணிய பணம் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பார்களா?

---

பழைய சிசி பையன் (கோலசிலாங்கூர்)

அண்ணே, இதெல்லாம் பார்த்துச் சலித்த கதை. ராக்னரோக் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொரியாவில் 2002இல் வந்த ஆட்டம். நம் பக்கத்து சிசியில் (சைபர் கஃபே) பள்ளி விட்டதும் இடம் பிடிக்கச் சண்டையே நடக்கும். அதில் மந்திரவாதிக்கு டெக்ஸ் என்ற திறன் எண் 150 ஆகிவிட்டால் மந்திரம் ஓதும் நேரம் பூஜ்யம். அந்த எண்ணை எட்டுவதற்குக் கார்டு, பிளெஸ்ஸிங், சாப்பாடு என்று சேர்த்துச் சேர்த்துக் கணக்குப் போடுவோம். கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவன் கூட இதில் புலி. பிறகு ரினியூவல் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஓதும் நேரத்தை இரண்டாக உடைத்து, ஒரு பகுதி எவ்வளவு டெக்ஸ் ஏற்றினாலும் குறையாது என்றார்கள். மிருகத்துக்கும் நமக்கும் லெவல் இடைவெளி பெரிதாக இருந்தால் எக்ஸ்பி வெட்டு. வருஷக்கணக்கில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த கணக்கு ஒரே நாளில் குப்பை.

இன்றைக்கும் பிரைவேட் சர்வர் நடத்துகிறவர்கள் 'ப்ரீ-ரினியூவல்' (ரினியூவலுக்கு முந்தைய ஆட்டம்) என்று பெருமையாகப் போட்டுத்தான் ஆள் சேர்க்கிறார்கள். அந்த மாற்றத்தின் மேல் எவ்வளவு கோபம் என்பதற்கு இதை விடச் சான்று வேண்டாம்.

நமக்கு இதெல்லாம் பழக்கம்தானே. 2007இல் ஊர்ப் பெயரையே பெஸ்தாரி ஜெயா என்று பேட்ச் பண்ணிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான்.

---

சைபர்ஜெயா நிரலர்

நான் கேம் கம்பெனியில் இல்லை, ஆனால் சர்வர் பக்கம் வேலை செய்கிறேன். கோபம் புரிகிறது. எதற்காகச் செய்திருப்பார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே.

லெவல் ஏற்றித் தருவதைக் காசுக்கு விற்கிறார்கள். ஃபேஸ்புக்கில் தேடினால் வரிசையாக விளம்பரம் வரும். போட் (ஆள் இல்லாமல் தானாக ஆடும் நிரல்) வைத்து ஆயுதம் சேர்த்து அதையும் விற்கிறார்கள். இப்படி விற்கும் கூட்டம் பெருத்தால் ஆட்டத்துக்குள் தங்கத்துக்கு மதிப்பே இருக்காது. புதிதாக வருகிறவன் ஒரு மருந்துப் புட்டி கூட வாங்க முடியாது.

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் இதே பிரச்சினை பயங்கரமாக முற்றியது. தங்கம் விற்கிறவர்கள் திருட்டு கிரெடிட் கார்டில் சந்தா கட்டினார்கள். கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடுங்கியது. கம்பெனிக்கு அது ஆட்டத்துக்குள் இருக்கும் தொல்லை மட்டும் இல்லை, வெளியே உண்மையான பண நஷ்டம். அதனால்தான் 2007 டிசம்பரில் ஆட்டக்காரர்கள் பொருளைச் சுதந்திரமாகக் கைமாற்றுவதையே நிறுத்தினார்கள். நண்பனுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும் என்றாலும் மதிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். போட் குறைந்தது, ஆட்களும் போனார்கள்.

ஹீலர் அண்ணன் சொல்கிற சனிக்கிழமை குகையும் ஒரு வியாபாரியின் குகையும் சர்வர் பதிவில் ஒரே மாதிரிதான் தெரியும். லெவல் கூடியவன் அடிக்கிறான், லெவல் குறைந்தவன் நிற்கிறான், எக்ஸ்பி ஏறுகிறது. காசு கைமாறியது வாட்ஸாப்பில், அது அவர்கள் கண்ணில் படாது.

---

இரவு ஷிப்ட் ஹீலர்

தம்பி, தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. என் வாதத்துக்கும் அதுதான் அடித்தளம். அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை, அதனால் இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். லாலாங் புல்லைப் பிடுங்க முடியவில்லை என்று கன்றோடு சேர்த்து மருந்தடித்த கதை.

ஆனால் பிரித்துப் பார்க்கவே முடியாதா? காசுக்குத் தூக்கிவிடுகிறவன் ஒரு வாடிக்கையாளரோடு இரண்டு நாள் இருப்பான், அப்புறம் அடுத்தவர். எங்கள் கில்டில் ஒரே ஆட்கள் மாதக்கணக்கில் ஒன்றாக ஆடுகிறோம். கில்டில் சேர்ந்து இத்தனை வாரம் ஆனவருக்கு வெட்டு இல்லை என்று ஒரு விதி போட்டால் போதாதா?

வேறு வழியும் இருக்கிறது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்று 2004இல் ஓர் ஆட்டம் வந்தது. அதில் பெரியவர் ஒரு சின்னவரைத் துணையாளாகச் சேர்த்துக்கொண்டால், சின்னவரின் பலம் தற்காலிகமாகப் பெரியவருக்குப் பக்கத்தில் ஏறும். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் தலைகீழ். பழைய குகைக்குள் போனால் பெரியவரின் லெவல் அந்தக் குகைக்கு ஏற்ற அளவுக்கு இறங்கிவிடும். புது ஆள் சும்மா நிற்க முடியாது, பெரியவரும் ஒரே அடியில் முடிக்க முடியாது, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும். நம் ஆட்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பே கண்டுபிடித்து வைத்த தீர்வுகள் இவை. அதைக் கொண்டுவர உழைப்பும் செலவும் ஆகும். எக்ஸ்பியை வெட்ட ஒரு எண்ணை மாற்றினால் போதும். அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

தனிக்காட்டு ராஜா

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

எனக்குக் கில்ட் கிடையாது. எந்த அண்ணனும் வாள் கொடுக்கவில்லை. தனியாக அடித்து அடித்து மேலே வந்தேன். வந்து பார்த்தால் அதே லெவலில் தடுப்பு பட்டன் எது என்று கூடத் தெரியாத ஆட்கள் நிற்கிறார்கள். பாஸ் முன்னால் மூன்றே வினாடியில் செத்து, பார்ட்டியையும் சாகடிக்கிறார்கள். தூக்கிவிடப்பட்டவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். உங்கள் கில்ட் நல்ல கில்டாக இருக்கலாம், வெளியே இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

---

ராஜா மூசா டேங்க்

தம்பி, எங்கள் கில்டுக்கு வா, வாள் நான் தருகிறேன். அட, இப்போது கொடுக்கவும் முடியாதே!

---

வெள்ளிக்கிழமை வீரன்

பிடிக்கவில்லை என்றால் ஆடாதீர்கள் லா. கேம்தானே.

---

லெவல் நாற்பது அக்கா (ஈஜோக்)

வீரன் தம்பி, 'கேம்தானே' என்பது எந்தப் பக்கமும் சேராத பேச்சு. கால்பந்தும் கேம்தான், நாளைக்குக் கோல் கம்பத்தை ஒதுக்கி வைத்தால் நீங்களே முதலில் கத்துவீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. சிசி காலத்தைப் பற்றி இந்த இழையில் ரொம்ப ஏக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் எங்களை மாதிரிப் பெண் பிள்ளைகள் சிசி வாசலில் நின்றாலே அம்மாவுக்குச் செய்தி போய்விடும். நான் ஆட ஆரம்பித்ததே கல்யாணத்துக்கு அப்புறம், கடையை மூடிவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, போனில். பழைய ஆட்டம் பொற்காலம் என்றால் யாருக்குப் பொற்காலம் என்றும் கேட்க வேண்டும்.

ஹீலர் அண்ணன் கில்டில் என்னைச் சேர்த்துக்கொண்டபோது எனக்கு மேப் பார்க்கக் கூடத் தெரியாது. ஒரு ராத்திரி கூட யாரும் எரிச்சல் படவில்லை. எனக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மணி. அந்த ஒரு மணியில் தனியாக அடித்துக்கொண்டிருந்தால் இந்த ஜென்மத்தில் பெரிய குகையைப் பார்க்க மாட்டேன். தனிக்காட்டுத் தம்பி உழைத்ததை மதிக்கிறேன், ஆனால் உழைக்க நேரம் இருப்பதும் ஒரு வசதிதான். புது விதியில் அடிபடுவது முதலில் என்னை மாதிரி ஆட்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. அதே பேட்சில் கடையில் 'வளர்ச்சி மருந்து' ஒன்று புதிதாக வந்திருக்கிறது. குடித்தால் எக்ஸ்பி இரட்டிப்பு, விலை நிஜப் பணத்தில், மலேசிய வெள்ளியில். நண்பன் தூக்கிவிட்டால் நியாயமற்றது, கார்டு தேய்த்தால் நியாயமானதா?

---

பழைய சிசி பையன்

அக்கா, அந்த மருந்தை நான் கவனிக்கவே இல்லை. பேட்ச் குறிப்பில் ஒரு இடத்திலும் இல்லையே!

---

சைபர்ஜெயா நிரலர்

அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. போட் ஒழிப்பு என்ற காரணத்தை நான் நம்பத் தயாராக இருந்தேன். இரண்டும் ஒரே நாளில் வந்தது அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறது.

எதற்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். 2024 ஜனவரியில் கொரியாவின் நியாய வணிக ஆணையம் மேப்பிள்ஸ்டோரி என்ற ஆட்டத்தின் விஷயத்தில் அதை நடத்தும் நெக்ஸன் கம்பெனிக்கு 1,160 கோடி வோனுக்கு மேல் அபராதம் போட்டது. கியூப் என்று ஒரு பொருள், காசு கொடுத்து வாங்கி உருட்டினால் ஆயுதத்தின் குணம் மாறும். 2011இலிருந்து 2021 வரைக்கும், ஆட்கள் ரொம்ப ஆசைப்பட்ட சில குணச் சேர்க்கைகள் விழவே விழாது என்று உள்ளே அமைத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். விழும், விழும் என்று மக்கள் உருட்டிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு கியூபில் தரம் உயரும் வாய்ப்பு 1.8 சதவீதத்திலிருந்து படிப்படியாக 1 சதவீதத்துக்கு இறங்கியது, அதையும் சொல்லவில்லை. அதே 2024 மார்ச்சிலிருந்து அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

நம் ஆட்டத்தில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. குறிப்பில் எழுதாத மாற்றம்தான் ஆபத்தானது, அதைச் சொல்கிறேன்.

---

நிர்வாகி

நல்ல விவாதம், தொடருங்கள். நம் ஆட்டத்தின் கம்பெனியை 'திருடன்' என்று எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆதாரம் இருந்தால் படத்தோடு போடுங்கள்.

---

ராஜா மூசா டேங்க்

பேசி என்ன பிரயோசனம். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2011 ஜூனில் ஆட்டத்துக்குள் ஒற்றைக் கண்ணில் மாட்டும் அலங்காரக் கண்ணாடி ஒன்றை அறுபது டாலருக்கு மேல் விலை வைத்து விற்றார்கள். ஆட்கள் கூட்டமாக ஜிட்டா என்ற வியாபார மையத்துக்குப் போய் அங்கே நின்ற நினைவுச் சின்னத்தை நாள் கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். சின்னத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கம்பெனி பதறிப்போய் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளை ஐஸ்லாந்துக்கே கூப்பிட்டுப் பேசியது. அக்டோபரில் தலைவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

நாமும் சனிக்கிழமை நகரச் சதுக்கத்தில் கூடுவோம். வருகிற போகிறவன் யாரும் கடைக்குள் போக முடியாதபடி நிற்போம்.

---

லெவல் நாற்பது அக்கா

சதுக்கத்தில் அறுபது பேர் நின்றாலே என் போன் சூடாகி அணைந்துவிடும் தம்பி.

---

பழைய சிசி பையன்

ரூன்ஸ்கேப் கதையை நிரலர் பாதியில் விட்டுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் மீதியில்தான் விஷயம்.

கைமாற்றை நிறுத்திய மூன்று வருஷம் கழித்து, அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 12 லட்சத்துக்கு மேல் வாக்கு, 91 சதவீதம் 'வேண்டும்'. 2011 பிப்ரவரியில் திரும்ப வந்தது. சரி, பாடம் படித்துவிட்டார்கள் என்று பார்த்தால், 2012 நவம்பரில் சண்டை முறையையே தலைகீழாக மாற்றினார்கள். கூட்டம் கூட்டமாக ஆள் கிளம்பியது. அப்புறம் 2013இல் மறுபடியும் வாக்கெடுப்பு, பழைய ஆட்டத்தையே தனியாகத் திறக்கட்டுமா என்று. அவர்களிடம் 2007 ஆகஸ்டில் எடுத்த ஒரு பிரதி மிச்சம் இருந்தது. கிட்டத்தட்ட நாலரை லட்சம் வாக்கு விழுந்தது, பிப்ரவரி 22 அன்று ஓல்ட் ஸ்கூல் என்ற பெயரில் பழைய ஆட்டம் திறந்தது. அதில் புதிதாக எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் வாக்கில் 75 சதவீதம் வர வேண்டும் என்று வைத்தார்கள். 2022இல்தான் அதை 70 ஆக்கினார்கள். இன்றைக்கும் ஓடுகிறது, புது ரூன்ஸ்கேப்பை விடக் கூட்டம் அதிகம்.

ஆட்டக்காரர்களைக் கேட்காமல் செய்ததற்கு உதாரணம் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆட்டம். 2005 நவம்பரில் 34 தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். பிராணி பழக்குகிறவர் என்று ஒரு தொழில் இருந்தது, அதுவே காணாமல் போனது. வளர்த்த பிராணிகளைக் கூப்பிட முடியவில்லை. அதுவரை ஜெடாய் (அந்தக் கதையின் மந்திர வீரர்) ஆவதற்கு மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு முதல் திரையிலேயே ஜெடாயைத் தேர்ந்தெடுக்கலாம். கொடுமை என்னவென்றால், காசுக்கு விற்ற விரிவாக்கத்தை வெளியிட்ட சில நாளில்தான் இதை அறிவித்தார்கள். கத்தல் தாங்காமல் அதற்குப் பணம் திருப்பிக் கொடுத்தார்கள். 2011 டிசம்பரில் ஆட்டத்தை மூடினார்கள்.

---

தனிக்காட்டு ராஜா

ஜெடாய் கதை என் பக்கம் பேசுகிறதே அண்ணே. பாடுபட்டு வந்ததை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தால் பாடுபட்டவன் என்ன ஆவான்?

---

பழைய சிசி பையன்

ஆமாம், அந்த இடத்தில் உன் பக்கம்தான்.

---

இரவு ஷிப்ட் ஹீலர்

தனிக்காட்டுத் தம்பியின் பேச்சை இரண்டு நாளாக மில்லில் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் தெரியாதவன் மேலே வந்து நிற்பது உண்மையான தொல்லைதான். அதற்கு வைத்தியம், புது ஆளைக் குகைக்குள் விடாமல் தடுப்பது இல்லை. கூட வந்தவன் சும்மா நின்றால் எக்ஸ்பி கொடுக்காதே, தானும் அடித்து, தடுத்து, குணப்படுத்தினால் கொடு. அப்படி வைத்தால் வியாபாரிக்கும் கஷ்டம், ஏனென்றால் அவனுடைய வாடிக்கையாளர் போனைக் கீழே வைத்துவிட்டு டிவி பார்க்கிறவர்.

டேங்க் கேட்ட பண விஷயம்: பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டிப் புகார் போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். ஆனால் கம்பெனி வெளிநாட்டில் இருந்தால் யாருக்கு சம்மன் அனுப்புவது? டாப் அப் மிச்சத்துக்காக அவ்வளவு தூரம் போக எனக்குத் தெம்பில்லை. போகிறவர் இருந்தால் ரசீதை எல்லாம் எடுத்து வையுங்கள்.

நான் அவர்களுடைய கருத்துப் படிவத்தில் எழுதலாம் என்று இருக்கிறேன். படிப்பார்களா?

---

சைபர்ஜெயா நிரலர்

திட்டி எழுதினால் படிக்க மாட்டார்கள். ஆயிரம் திட்டு வந்தால் 'எதிர்ப்பு: அதிகம்' என்று ஒரு வரியாகச் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த விதி, யாருக்கு என்ன ஆனது, அதற்குப் பதில் என்ன என்று எழுதுங்கள். பதிலுக்கு உதாரணம் கொடுங்கள். நீங்கள் சொன்ன ஃபைனல் ஃபேன்டஸி 14ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வந்தபோது ஊரே காறித் துப்பியது. அந்த டிசம்பரில் பொறுப்பை யோஷிடா என்ற தயாரிப்பாளரிடம் கொடுத்தார்கள். அவர் ஓடுகிற ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே பக்கத்தில் புதிதாக இன்னொன்றைக் கட்டினார். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று விடாமல் கடிதம் எழுதினார். 2013 ஆகஸ்டில் புது ஆட்டம் வந்தது, கம்பெனி பிழைத்தது. இதைச் சொன்னால் அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் புரியும்.

இன்னொன்று. வளர்ச்சி மருந்தை வாங்காதீர்கள். படிவத்தை விட அந்தக் கணக்கைத்தான் அவர்கள் தினமும் பார்ப்பார்கள்.

---

லெவல் நாற்பது அக்கா

வாங்க மாட்டேன். கில்ட் அறிவிப்புப் பலகையிலும் போட்டுவிட்டேன். ரெண்டு பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டு முழிக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

---

ராஜா மூசா டேங்க்

இரட்டை எக்ஸ்பி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது அக்கா.

---

இரவு ஷிப்ட் ஹீலர்

எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"லெவல் வித்தியாச வெட்டைக் கில்டுக்குள் நான்கு வாரம் முடித்தவர்களுக்கு நீக்குங்கள். பார்ட்டியில் செயல்பட்டவருக்கு மட்டும் எக்ஸ்பி கொடுங்கள். கிடங்கு வழியாக மட்டும், ஒரே ஒரு முறை, ஆயுதத்தைக் கைமாற்ற விடுங்கள். காசுக்கு விற்கும் எந்தப் பொருளாக இருந்தாலும் பேட்ச் குறிப்பில் எழுதுங்கள். எங்கள் கில்ட் ஷிப்ட் வேலை செய்கிறவர்களும் மாணவர்களும் வீட்டைப் பார்க்கிறவர்களும் சேர்ந்தது. ஒரே லெவலில் இருக்க எங்களால் முடியாது. இந்த விதி இருந்தால் நாங்கள் ஒன்றாக ஆட முடியாது, ஒன்றாக ஆட முடியாவிட்டால் எங்களில் யாரும் தனியாக ஆடப்போவதில்லை."

நிரலர் தம்பி, இதை ஆங்கிலத்தில் போட்டுக் கொடுங்கள். பெயர் சேர்க்க விரும்புகிறவர்கள் ஆட்டத்தில் இருக்கும் பெயரை மட்டும் கீழே எழுதுங்கள், சொந்தப் பெயர் வேண்டாம்.

---

தனிக்காட்டு ராஜா

நான்கு வாரம் குறைவு, எட்டு போடுங்கள். வியாபாரிகள் ஒரு மாதம் காத்திருப்பார்கள், அவர்களிடம் அக்கவுண்ட் நிறைய. எட்டு என்றால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

இரவு ஷிப்ட் ஹீலர்

எட்டு ரொம்ப. ஆறு?

---

தனிக்காட்டு ராஜா

ஆறு சரி.